காஜாத் துளை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். உன் முதுகு வலி தேவலையா? லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கி ஏறுகிறவன் ஒழுங்காகச் சாப்பிட வேண்டாமா?

கடையில் வேலைக்குக் குறைவில்லை. எல்லாம் பள்ளிக்கூடச் சட்டைகள். ஆனால் நான் எழுத வந்தது அம்மாவின் கண்ணைப் பற்றி. ஒரு மாதமாக அவளுக்குத் தலைவலி. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரிகிறதாம். இதைக்கூட அவளாகச் சொல்லவில்லை. காஜா எடுக்க உட்கார்ந்தவள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் எச்சில் தொட்டுத் தொட்டு நூல் நுனியே நைந்துவிட்டது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஊசியையும் நூலையும் மடிக்குள் மறைத்துக்கொண்டாள், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. இந்தத் தெருவில் பாதிச் சட்டைகளுக்குப் பட்டன் துளை கட்டினவள் அவள்.

கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். காலையும் மாலையும் சொட்டு மருந்து. நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் நிறுத்தக் கூடாது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார். ஏப்ரலில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அம்மா அவரிடம், "ஊசி கோக்க முடிஞ்சா போதும் டாக்டர், வேற எதையும் பாக்கணும்னு எனக்கு ஆசையில்ல" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் பூரண சுகமாக இருக்கிறீர்கள். கேள்வியாகக் கேட்கவில்லை, தெரிந்தே எழுதுகிறேன். முதுகு வலி என்ற சொல்லை நான் இப்போது வாயில் எடுப்பதே இல்லை.

நான் தங்கியிருக்கும் கட்டடத்தில் ஒருவர் இருக்கிறார். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கணக்கு வாத்தியார். ஞாயிறு காலையில் அவர் அறையில் ஏழெட்டுப் பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். அக்கா, சின்ன வயதில் சர்ச்சில் நாம் தூங்கி வழிந்துகொண்டே கேட்டோமே, அதே வேதம்தான். அது பழங்கதையே இல்லை. அதில் வரும் ராஜா, நோயாளி, கடல், மலை எல்லாம் நமக்குள்தான். வழியோரம் உட்கார்ந்து கத்துகிறானே ஒரு குருடன், அவன் யார்? நம் சந்தேகம். கேட்கும்போதே கைக்கு வந்துவிட்டது என்று உள்ளே உறுதிப்பட்டால் வெளியே நடந்தே தீரும்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நான் மூன்று வாரம் சூப்பர்வைசர் ஆகிவிட்டது போலவே நடந்துகொண்டேன். பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு போனேன். கூட இருப்பவர்கள் கேலி செய்தார்கள். இந்த மாதம் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள்.

குருடன் பார்வை பெறும் பகுதியை அம்மா தினமும் காலையில் வாசிக்கட்டும். வாசித்துவிட்டு, எனக்குத் தெரிகிறது என்று சொல்லட்டும். மருந்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அதை உங்கள் உள்ளம் சொல்ல வேண்டும். ஆனால் வாயில் குணமாகிவிட்டது என்ற பேச்சும் கையில் மருந்துச் சீசாவும் இருந்தால் அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இன்னொன்று, இனி எனக்குக் குறையை எழுதாதே. நடந்துவிட்டதாகவே எழுது. எழுதுகிற கைக்கும் உறுதி வேண்டும்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 24

சூப்பர்வைசர் தம்பிக்கு,

இரண்டு பேனாவும் பத்திரமா? நாங்கள் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

உன் கடிதத்தைப் படித்து நான் நன்றாகக் கேலி பண்ணினேன். அம்மா பண்ணவில்லை. என்னை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாளிலிருந்து காலையில் கடை திறக்கும் முன் வேதத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசிக்கிறாள். அப்புறம் இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "எனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது" என்று முணுமுணுக்கிறாள். நான் கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்ச் சிரிப்பேன்.

போன புதன்கிழமை வெள்ளை நூலை எடுத்தாள், ஊசியை எடுத்தாள், ஒரே குத்து. உள்ளே போய்விட்டது. எச்சில்கூடத் தொடவில்லை. சந்தேகப்பட்டு நான் இருப்பதிலேயே பொடியான பத்தாம் நம்பர் ஊசியைக் கொடுத்தேன். அதையும் கோத்தாள். சிரிக்க வந்தவள் அழுதுவிட்டேன். தலைவலி இல்லை, வளையம் இல்லை. கேலி பண்ணினதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீ பெரியவனாகிவிட்டாய், நான்தான் கவனிக்கவில்லை.

மருந்துச் சீசாவை அம்மாவே எடுத்துப் பட்டன் டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். "அவன் எழுதினது எனக்குப் புரிஞ்சிருச்சு, இனிமே ஒரே கால்தான்" என்றாள். ஏப்ரலில் டாக்டர் வரச் சொன்னார். போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் சுகம். நானும் சுகம், சுகத்துக்கு மேலே ஒரு சொல் இருந்தால் அது.

உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். பத்தாம் நம்பர் ஊசி என்ற இடத்தில் ஒரு பெரியம்மா எழுந்து நின்று கை தட்டினார். கணக்கு வாத்தியார் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் பெரிய கூடத்தில் இருநூறு பேர் வருகிறார்கள், அங்கேயும் சொல்ல வேண்டுமாம். நான் மேடையில் பேசுகிறவனா? பள்ளியில் பாட்டுச் சொல்லச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தவன். ஆனால் இது என் அம்மாவின் கதை, தொண்டை அடைக்காது. இங்கே யாரும் அவளைப் பார்த்ததில்லை, எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவளிடம் சொல்.

டாக்டரைப் பற்றிக் கேட்டாய். குணமானவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சீருடைச் சட்டைகள் மலை போலக் குவிந்துவிட்டன. நீ பெரிய கூடத்தில் பேசப் போவதாக எழுதினதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணி வாங்க வந்த ஒவ்வொருத்தரிடமும் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் நாங்கள் போகவில்லை.

அம்மா சுகம். ஊசி கோக்கிறாள். காஜா பிசிறில்லாமல் வருகிறது.

வேறு என்ன? எதிர்வீட்டுக்காரம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள். "மகன் பெரிய ஆளானதும் உங்கம்மாவுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு, பக்கத்துல நின்னு சிரிச்சாலும் கண்டும் காணாம போறாங்க" என்று என்னிடமே சொன்னாள். அம்மாவைக் கேட்டால், "அவ எப்ப சிரிச்சா?" என்கிறாள். போன வாரம் கடைக் கதவு விளிம்பில் தோளை இடித்துக்கொண்டாள், கன்றிப்போய்விட்டது. டீ டம்ளரை இரண்டு முறை கையால் தட்டிவிட்டாள், ஒரு முறை தைத்து வைத்த சட்டை மேலேயே. இடம் மாற்றி வைத்ததற்கு என்னைத் திட்டினாள். நான் மாற்றவில்லை.

இதையெல்லாம் குறையாக எழுதவில்லை. வீட்டுச் செய்தி, அவ்வளவுதான். உன்னைப் போல என் நம்பிக்கை கெட்டியாக இல்லையோ என்னவோ. இரவில் படுத்தால் ஏதேதோ தோன்றுகிறது. காலையில் அவள் ஊசி கோப்பதைப் பார்த்ததும் வெட்கமாகிவிடுகிறது.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது.

ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பெரிய கூடத்தில் அடுத்த கூட்டத்துக்கு உன் கடிதத்தைக் கேட்டார்கள். மூன்று வரிதான் வாசிக்க முடிந்தது. ஊசி கோக்கிறாள், காஜா பிசிறில்லாமல் வருகிறது. அதற்குப் பிறகு வாசிக்க எனக்கு வாய் கூசியது. டம்ளர் தட்டியது, தோள் இடித்தது. வயதானவர்கள் யார் வீட்டில் இடித்துக்கொள்ளவில்லை? நீ அம்மாவைப் பார்க்கவில்லை அக்கா, வேவு பார்க்கிறாய். குறை தெரியுமா என்று தேடினால் குறைதான் தெரியும். குணமாகவில்லை என்றால் எங்கோ ஒரு மூலையில் சந்தேகம் ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அது அம்மாவிடம் இல்லை. யாரிடம் என்று நீயே யோசித்துக்கொள்.

அந்தப் பகுதியை நீயும் சேர்ந்து வாசி.

தம்பி


ஜூலை 19

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. நான் எழுதினது சுட்டிருந்தால் தம்பிதானே என்று விட்டுவிடு.

அம்மாவின் கதையைக் கேட்டுவிட்டுப் புதிதாகச் சிலர் குழுவுக்கு வருகிறார்கள். ஒரு காவலாளி, ஒரு சலவைக்கடைக்காரர். அவர்களும் மருந்து மாத்திரையை விட்டுவிட்டார்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். நான் நேற்றுத்தான் கடிதம் வந்தது போலப் பதில் சொல்கிறேன்.

நீ பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ஊசி கோக்கிறாளா? அது ஒன்று மட்டும் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

சுகம். அம்மா ஊசி கோக்கிறாள்.

வேலை அதிகம்.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நாற்காலியில் உட்கார்ந்து படி.

அம்மா பிழைத்துக்கொண்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளுக்கு முன்னால் பட்டன் வாங்கத் தெருவைக் கடந்தவள் மேல் பால்காரரின் சைக்கிள் மோதிவிட்டது. அவர் மணி அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். சத்தம் கேட்டும் பக்கத்தில் வருவது தெரியாமல் சரியாக அதன் குறுக்கே நடந்திருக்கிறாள். முழங்காலில் நல்ல அடி, இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். பாவம், அந்த மனுஷன் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். "சைக்கிள் இவ்வளவு பெருசா வருது, பாக்கலையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அவரைத்தான் சமாதானப்படுத்தினாள்.

கட்டுப் போட்டதும் நான் யாரையும் கேட்கவில்லை. நேரே கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரலை ஆட்டினார். எப்போது தெரிகிறதோ அப்போது சொல்லுங்கள் என்றார். கையை மெல்ல மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தார். அம்மா சொல்லவே இல்லை. விரல் அவள் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "இப்ப" என்றாள்.

இந்த நோய் ஓரத்திலிருந்துதான் தின்றுகொண்டு வருமாம். நடுவில் இருப்பது கடைசிவரை தெளிவாகத் தெரியுமாம். முதலில் ஊசி கோக்க முடியாமல் மங்கினது ஏறியிருந்த அழுத்தத்தால், பிப்ரவரியில் தெளிந்தது அதுவரை விட்ட மருந்தால் என்றார். ஊசிக் கண்ணைத் தவிர வேறு எதையும் நாம் சோதித்துப் பார்க்கவில்லையே தம்பி. தையல்காரர் வீட்டுப் புத்தி. டாக்டர் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "காஜாத் துளை வழியா பாக்கிற மாதிரி" என்றாள். போனது திரும்பாது. துளையை மட்டும் காப்பாற்றலாம் என்று மறுபடி அதே சொட்டு மருந்து. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, எப்போதிலிருந்து என்று கேட்டேன். சித்திரை வெயில் ஆரம்பித்ததிலிருந்தே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"முதல்ல என் நம்பிக்கைதான் பத்தலையோன்னு வெட்கமா இருந்துச்சு. அப்புறம் அவன் அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டான். நான் தெரியலைன்னு சொன்னா அவன் சொன்னது பொய்யாயிடும்ல. பிள்ளையத் தலைகுனிய வைக்கவா?"

நான் அவளைக் குறை சொல்ல முடியுமா? ஜூனில் ஒரு நாள் கத்திரிக்கோலை வேண்டுமென்றே அவளுக்கு இடப்பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒரு முழ தூரம்கூட இல்லை. கையால் தடவித் தடவித் தேடினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு ஊசி கோக்கிறாள் என்று எழுதினேன். எழுதினது நிஜம். அந்த நிஜத்தைப் போல ஒரு பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வேவு பார்க்கிறேன் என்று நீ எழுதினது தொண்டையில் முள்ளாக நின்றது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சாப்பிட்டாயா?

அக்கா


அக்டோபர் 21

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அம்மாவின் கைவலி குறைந்ததா? மருந்து விடுகிறாயா?

உன் கடிதம் வந்ததும் நான் முதலில் என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அம்மாவை நினைக்கவில்லை. மருந்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லையே என்றுதான் நினைத்தேன். அந்த வரியை நான் எதற்கு எழுதினேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. தப்பித்து ஓட ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறேன், ஜனவரியிலேயே. நீ உன் கடிதத்தில் அந்த வரியை எடுத்துக் காட்டி ஒரு சொல் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாய்.

என் வேலை என்ன அக்கா? லிஃப்ட் கயிற்றைக் கையால் தொட்டுப் பார்க்காமல், பிரேக்கைச் சோதிக்காமல் ஒரு ஆளை நான் ஏற்றியதில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு அவ்வளவு பார்க்கிறேன். பெற்றவளுக்குக் கடிதம் எழுதினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். பிறகு கணக்கு வாத்தியார் என் தோளில் கை வைத்து, அன்பாகத்தான், "உங்கம்மா மனசுல எங்கயோ ஒரு மூலையில சந்தேகம் இருந்திருக்கும்பா" என்றார். அவரை நான் கோபிக்கவில்லை. அது என் வாக்கியம். மே மாதம் உனக்கு நான் எழுதினது. அதை இன்னொருவர் வாயில், அம்மாவைப் பற்றிக் கேட்டபோது செருப்பால் அடித்தது போல இருந்தது. சைக்கிள் மோதுகிற வரைக்கும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளுக்கா நம்பிக்கை இல்லை?

வெளியே வந்து காவலாளியையும் சலவைக்கடைக்காரரையும் பிடித்தேன். என் பேச்சைக் கேட்டு மருந்தை விட்டீர்கள், தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். காவலாளி சரி என்றார். சலவைக்கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கும் அவர் கடை வாசலில் போய் நிற்பேன்.

வேதத்தை மூடி வைத்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்தக் குருடன் பகுதியையே மறுபடி வாசித்தேன். எத்தனை முறை மேடையில் சொன்ன கதை. அதில் ஒரு வரியை நான் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன். குணமாக்குவதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. குருடன் என்று கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, அப்படியும் அவனிடம் கேட்கப்படுகிறது. நான் அம்மாவிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதையே சந்தேகம் என்று நிறுத்திவிட்டேன். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசுகிறது அக்கா.

விடுப்புக் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வரலாம். ஆனால் எந்த முகத்தோடு அவள் முன்னால் வந்து நிற்பேன்? ராத்திரி வந்து, அவள் தூங்கும்போது பார்த்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசிக்கிறேன். நீயே சொல்.

தம்பி


நவம்பர் 8

தம்பி, அம்மா தானே எழுதுவேன் என்று அடம்பிடித்து எழுதினது இது. தாளின் நடுவில் மட்டும் எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை. அக்கா

கண்ணு,
நல்லா இருக்கியா?
அம்மா நல்லா
இருக்கேன்.
கை கூடிடுச்சு.

அக்கா அகலமா
எழுதச் சொல்றா.
ஓரத்துக்குப் போனா
எழுத்து எங்க
போச்சுன்னு
தெரியல.
அதான் இப்படி.

உன் கடிதத்த
அக்கா முழுசா
வாசிச்சா.
விடாம வாசின்னு
சொன்னேன்.

மருந்து
விட்டுக்கறேன்.
காலைல வேதமும்
வாசிக்கறேன்.
தெரியுதுன்னு
சொல்றதில்ல.
இத விட்டு
வைன்னு
கேக்கறேன்.

பட்டன் போன
சட்டை இருந்தா
எடுத்துட்டு வா.

ராத்திரி வராதே.
பகல்ல வா.
பக்கத்துல வந்து
நிக்காதே,
தெரியாது.
தலையக் குனிஞ்சும்
நிக்காதே,
அப்பவும் தெரியாது.
நேரா எதிர்ல
வந்து நில்லு.
அந்த இடம்
இன்னும் இருக்கு.

அம்மா